மலைச் சபைக்கு எது பொருந்தும்: பேண்டா, ஒரு கிட்டாரா, ட்ராக்கா, தனி ஆராதனையா?

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர் என்று நீலகிரியில் எந்தப் பக்கம் போனாலும் சபைக் கமிட்டிகளில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. ஞாயிறு ஆராதனையில் புதிய பாடல்களையும் பாட வேண்டும் என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். பெரியவர்களில் சிலர் சரி என்கிறார்கள், சிலர் மேல்நாட்டு ராகத்தில் பாடும் பாமாலையும் கர்நாடக ராகத்தில் பாடும் கீர்த்தனையும் போதுமே என்கிறார்கள். கடைசியில் பெரும்பாலும் பாடலாம் என்றுதான் முடிவாகிறது. எப்படிப் பாடுவது என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. யாரோ ஒருவர் டிரம் செட் காணிக்கையாகக் கொடுப்பார், இன்னொருவர் பென் டிரைவில் ட்ராக் கொண்டுவருவார், வழி தானாகவே முடிவாகிவிடும். அப்படி முடிவாக விடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய சபையில் பாடல் நடத்துகிறவன் நான். மலையில் உள்ள சபைகளுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. டிரம்ஸ், பேஸ் கிட்டார் எல்லாம் வைத்த முழு பேண்டு ஒன்று. ஒரு கிட்டார் அல்லது கீபோர்டோடு நாலைந்து குரல்கள் இரண்டாவது. மைனஸ் ட்ராக், அதாவது குரல் இல்லாமல் இசையை மட்டும் பதிந்த ட்ராக் போட்டுப் பாடுவது மூன்றாவது. புதிய பாடல்களுக்கென்று தனி ஆராதனை வைப்பது நான்காவது. நான்கையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: பாட்டு நடக்கும்போது ஜனங்கள் பாடுகிற சத்தம் காதில் விழுகிறதா? மேடையில் இருப்பவர்கள் எவ்வளவு நன்றாகப் பாடினாலும், பெஞ்சில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டு நின்றால் அது ஆராதனைப் பாடலாக ஆகவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பழசு, புதுசு என்ற சண்டையை ஒரு ஓரமாக வைத்துவிடலாம். இன்றைக்கு நாம் பழசு என்று காப்பாற்ற நினைக்கும் கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதுசாகத்தான் ஆலயத்துக்குள் வந்தது. ஜெர்மன் ராகங்களில் ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருந்த சபைகளுக்குள் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரைப் போன்றவர்கள் கச்சேரி மேடையின் ராகத்தையும் தாளத்தையும் கொண்டுவந்தார்கள். அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். 1845இல் கொடைக்கானலுக்கு ஏறி வீடு கட்டிய மிஷனரிகளும் அதே மிஷன்காரர்கள்தான். ஆகவே புதிய பாடலை உள்ளே விடுவது நம் சபைகளுக்குப் புதிய பழக்கம் இல்லை.

முதலில் பேண்டு. வாலிபர்கள் கேட்பது இதைத்தான், யூடியூபில் அவர்கள் பார்ப்பதும் இதைத்தான். அதில் ஒரு தவறும் இல்லை. நல்ல பேண்டு இருந்தால் சபையில் ஒரு உற்சாகம் வரும், பாட்டுக்குப் புதியவர்கள்கூட தாளத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். ஆனால் மலையில் இதற்கு இரண்டு தடைகள். ஒன்று கட்டடம். ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயம் 1830இல் பிரதிஷ்டை ஆனது. அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்த மரங்கள். அந்தக் காலத்து மலை ஆலயங்கள் எல்லாமே மைக் இல்லாத மனுஷக் குரலுக்காகக் கட்டப்பட்டவை. கல் சுவரும் கண்ணாடியும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். ஒரு டிரம் செட்டைச் சாதாரணமாக அடித்தாலே 100 டெசிபலை எட்டிவிடும். அந்தக் கூடத்தில் எண்பது பேர் பாடினாலும் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போவார்கள். டிரம்ஸை ஈடுகட்ட மைக்கைக் கூட்டுவார்கள், மைக்கைக் கூட்டினால் கீபோர்டுக்காரர் கூட்டுவார், கொஞ்ச நேரத்தில் முதல் வரிசையில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எஸ்டேட் சபைகளின் தகரக் கூரையில் வேறு கஷ்டம். கூடலூரில் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழையிலும் கூரைமேல் விழும் சத்தத்தோடு போட்டி போடவே நேரம் போய்விடும்.

இரண்டாவது தடையைப் பலர் யோசிப்பதில்லை. அது பயிற்சி. ஐந்தாறு பேர் வாசிக்கும் பேண்டு ஒழுங்காக ஒலிக்க வேண்டுமானால் வாரம் இரண்டு மூன்று மணி நேரமாவது சேர்ந்து வாசிக்க வேண்டும். சமவெளியில் வேலை முடிந்து ராத்திரி எட்டு மணிக்குக்கூட ஆலயத்தில் கூடிவிடலாம். இங்கே கடைசி பஸ்ஸைப் பார்க்க வேண்டும், மிஸ்ட் இறங்குவதைப் பார்க்க வேண்டும், இருட்டினால் தேயிலைக் காட்டுப் பாதையில் காட்டுமாடு நிற்கும், கரடி வரும். பெண்பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்ப மாட்டார்கள், அதுவும் நியாயம்தான். சனிக்கிழமை பச்சைத் தேயிலை எடுக்கும் நாளாக இருந்தால் பாதிப் பேர் வரவும் முடியாது. பயிற்சி இல்லாத பேண்டு, பயிற்சி இல்லாத ஒற்றைக் கிட்டாரைவிடப் பல மடங்கு மோசமாக ஒலிக்கும். கோயம்புத்தூரிலிருந்து வாசிப்பவர்களை வரவழைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மலைப்பாதை நெரிசல், 2024 மே மாதம் முதல் வெளியூர் வண்டிகளுக்கு வந்த இ-பாஸ், போக்குவரத்துச் செலவு எல்லாவற்றையும் பார்த்தால் அறுப்பின் பண்டிகைக்கும் கிறிஸ்மஸுக்கும் அது சரி. ஒவ்வொரு ஞாயிறும் நடக்கிற காரியம் இல்லை.

பேண்டுதான் வேண்டும் என்று முடிவெடுத்தால் டிரம் செட்டுக்குப் பதில் மேலே உட்கார்ந்து கையால் தட்டும் கஹோன் பெட்டியோ, மின்சாரத்தில் ஒலிக்கும் ரிதம் பேடோ வையுங்கள். ரிதம் பேடில் சத்தத்தை ஒரு திருகில் குறைக்கலாம். தபேலா நம் பாடல்களுக்கு எவ்வளவோ அழகு, ஆனால் ஈரக் காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், வாசிப்பவர் ஆராதனை முழுக்கச் சுத்தியலும் கையுமாக இருக்க வேண்டி வரும்.

ட்ராக் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாசிக்க ஒருவருமே இல்லாத சபைக்கு அது ஒரு கைத்தாங்கல், அவ்வளவுதான். ட்ராக் யாருக்காகவும் நிற்காது. ஜனங்கள் பல்லவியை இன்னொரு முறை பாட விரும்பினாலும் அது சரணத்துக்குப் போய்விடும். வயதானவர்கள் மூச்சு வாங்கினாலும் காத்திருக்காது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் பாட்டு பாதியில் அறுந்துவிடும், யுபிஎஸ் இருந்தாலும் ஸ்பீக்கர் வரைக்கும் அது தாங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சட்ட விஷயமும் ஒன்று உண்டு. 1957ஆம் வருஷத்துப் படைப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உண்மையான மதச் சடங்கின்போது பாடல்களைப் பாடுவதற்கும் பதிவுகளை ஒலிக்கச் செய்வதற்கும் விலக்குத் தருகிறது. ஆகவே ஆலயத்துக்குள் பாடுவதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அதே ஆராதனையை யூடியூபில் நேரலையாக விட்டால், ட்ராக்கின் பதிவை அங்குள்ள கணினி கண்டுபிடித்து உரிமை கோரும், சில நேரம் சத்தத்தையே நிறுத்திவிடும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காக நேரலை விடுகிற சபைகள் இதை யோசிக்க வேண்டும். நீங்களே வாசித்துப் பாடும்போது இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

தனி ஆராதனை என்பது கேட்க நியாயமாக இருக்கும். காலை ஏழரைக்குப் பெரியவர்களுக்குப் பாமாலையோடு ஒன்று, பத்தரைக்கு இளையவர்களுக்கு ஒன்று. நகரத்தில் பெரிய சபைகளில் இது நன்றாகவே நடக்கிறது. ஊட்டியில் ஹாஸ்டல் பிள்ளைகள், வெலிங்டனில் ராணுவக் குடும்பங்கள், சீசனில் வரும் வெளியூர்க்காரர்கள் என்று ஆட்கள் இருந்தால் இரண்டாவது ஆராதனைக்குக் கூட்டமும் இருக்கும். ஆனால் எஸ்டேட் சபையிலும் கிராமச் சபையிலும் இது குடும்பத்தை நடுவில் வெட்டுகிற ஏற்பாடு. நம் சேகரங்களில் ஒரே ஆயர் பல சபைகளைப் பார்க்கிறார், ஒரு சபையில் முடித்துவிட்டு அடுத்த சபைக்கு ஓட வேண்டும். பல சபைகளில் உபதேசியார்தான் ஆராதனை நடத்துகிறார். பஸ்ஸும் காலையில் ஒன்றுதான். தாத்தாவும் பேத்தியும் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள், ஒரே பஸ்ஸில் திரும்ப வேண்டும். அவர்களைத் தனித்தனி நேரத்தில் உட்காரவைத்தால் ஒருவர் வெளியில் குளிரில் காத்திருப்பார். இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்து டான்டீ எனும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் சபைகளை நினைத்துப் பாருங்கள். அந்த முதியவர்கள் கொண்டுவந்த பாட்டுகள் எழுத்தில் இல்லை, அவர்கள் வாயில்தான் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் பக்கத்தில் நின்று பாடாவிட்டால் அவை அவர்களோடு போய்விடும். இந்த ஒரு காரணத்துக்காகவே சிறிய சபையைப் பிரிக்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பேன்.

அப்புறம் இருப்பது ஒரு கிட்டார் அல்லது கீபோர்டும் நாலைந்து குரல்களும். மலைச் சபைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் சரி என்று நான் நம்புகிறேன். கரண்ட் போனாலும் கிட்டார் ஒலிக்கும். சிறிய கீபோர்டுகள் சில பேட்டரியிலும் ஓடும். பயிற்சிக்கு ஞாயிறு ஆராதனை முடிந்து அரை மணி நேரம் உட்கார்ந்தாலே அடுத்த வாரப் பாட்டைப் பார்த்துவிடலாம், தனியாக ஒரு சாயங்காலம் தேவையில்லை. ஜனங்களின் குரல் மேலே வர இடம் கிடைக்கும். பாடகர் குழுவில் இருக்கும் அம்மா ஒருவர், வாலிபர் ஒருவர், நன்றாகப் பாடும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை ஒன்று என்று கலந்து நிறுத்துங்கள். பெஞ்சில் இருப்பவர்கள் தங்களைப் போன்ற ஒரு குரலைக் கேட்டால் தயங்காமல் சேர்ந்துகொள்வார்கள்.

ஆனால் இந்த வழி எளிதாக இருப்பதாலேயே இதில் கவனிக்க வேண்டியவை அதிகம். முதலாவது ஸ்கேல், அதாவது பாட்டைப் பாடும் சுருதி. புதிய பாடல்கள் வந்த பிறகு சபை பாடாமல் போனதற்கு இதுதான் முக்கியமான காரணம் என்று நான் நினைக்கிறேன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எஸ்டேட்டில் வேலைபார்க்கும் ஒரு அக்கா என்னிடம், "பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி, மேல போறப்ப எங்களால வர முடியல, அதான் கேட்டுக்கிட்டே நின்னுட்டோம்" என்றார். புதிய பாடல்களைப் பதிவு செய்பவர்கள் நல்ல பயிற்சி உள்ள பாடகர்கள். ஆண் பாடகர் என்றால் பெரும்பாலும் உச்சஸ்தாயியில் அனாயாசமாகப் பாடக்கூடியவர். அவருடைய ஸ்கேலிலேயே நாம் தொடங்கினால் நடுவயது ஆண்கள் கீழ் ஸ்தாயிக்கு இறங்கி முணுமுணுப்பார்கள், பெண்கள் நிறுத்திவிடுவார்கள்.

மேல்நாட்டுச் சுரப் பெயர்களில் சொன்னால், சாதாரண ஜனங்களுக்குப் பாட்டின் உச்ச சுரம் டி-யைத் தாண்டக் கூடாது, எப்போதாவது ஈ-யைத் தொட்டுவிட்டு இறங்கலாம். கீழே ஏ வரை போகலாம். இதை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது சுலபம். பதிவில் பாட்டு பி ஃப்ளாட்டில் இருக்கிறது, உச்ச சுரம் எஃப் என்று வைத்துக்கொள்வோம். மூன்று அரைச்சுரம் இறக்கினால் பாட்டு ஜி-க்கு வரும், உச்சம் டி ஆகும். கிட்டார்காரருக்கு ஜி என்றால் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போகூடத் தேவையில்லை, எளிய திறந்த கார்டுகளிலேயே (சுரக் கூட்டுகளிலேயே) வாசிக்கலாம். கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தினால் போதும். கட்டைக் கணக்கில் பேசும் பெரியவர்களிடம் ஆறரைக் கட்டையிலிருந்து ஐந்துக்கு இறக்கியிருக்கிறோம் என்று சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். கடைசிப் பல்லவியில் பதிவில் ஸ்கேலைத் தூக்கிப் பாடுவதை நீங்கள் செய்யாதீர்கள், அது ஸ்டுடியோவுக்கான அலங்காரம். காலை ஏழரை மணி ஆராதனை என்றால் இன்னும் ஒரு அரைச்சுரம் இறக்கினாலும் நல்லது, குளிரில் தொண்டை திறக்க நேரம் எடுக்கும். உறைபனிக் காலமான மார்கழி, தை மாதங்களில் முதல் பாட்டுக்கு எப்போதும் தெரிந்த, தாழ்ந்த பாட்டாகவே எடுங்கள்.

சமவெளியிலிருந்து வந்து நடத்துபவர்களுக்கு இன்னொரு விஷயம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. நமக்குப் பழகிவிட்டது. விருந்தினராக வரும் பாடகர்கள் நீண்ட சுரத்தைப் பிடிக்கப் போய் மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நீளமான இழுப்புகள் இல்லாத பாட்டைக் கொடுத்துவிடுங்கள்.

கிட்டாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குளிரில் உலோகக் கம்பி சுருங்கும், சுருதி ஏறும். ஜனங்கள் உள்ளே நிறைந்து ஆலயம் சூடானதும், விரல் பட்டுக் கம்பியும் சூடானதும் சுருதி இறங்கும். வீட்டில் டியூன் செய்துகொண்டு வந்து அப்படியே வாசிக்கத் தொடங்கினால் இரண்டாவது பாட்டில் கலைந்துவிடும். ஆராதனைக்கு அரை மணி முன்னால் கிட்டாரை உறையிலிருந்து எடுத்து ஆலயத்துக்குள் வைத்துவிடுங்கள், தொடங்குவதற்குச் சற்று முன்பும், பாவ அறிக்கை தொடங்குமுன் ஒரு நொடியும் சுருதியைச் சரிபாருங்கள். கிட்டாரின் தலைப்பகுதியில் மாட்டும் கிளிப் டியூனர் இருந்தால் சத்தமில்லாமல் பார்க்கலாம். மழைக்காலத்தில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், கம்பி பலகையிலிருந்து உயர்ந்துவிடும், புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு விரல் நோகும். காற்றில் 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் கிட்டாருக்கு உகந்தது. நம் ஊரில் மழை மாதங்களில் அது எங்கே நிற்கும்? உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வையுங்கள், ஆலயத்தின் ஈரமான வெஸ்ட்ரி அறையில் வைக்காதீர்கள்.

எங்கே பாடுவது என்பதையும் யோசியுங்கள். ஆராதனை முறைமை தொடங்குமுன் துதி நேரம் என்று இருபது நிமிஷம் ஒதுக்கிப் புதிய பாடல்கள் எல்லாவற்றையும் அங்கே கொட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. அப்போது பாதி ஜனங்கள் இன்னும் வந்துசேர்ந்திருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் திருவிருந்து நேரம்தான் இவற்றுக்கு மிகவும் பொருத்தம். ஜனங்கள் எழுந்து முன்னால் போய் முழங்காற்படியிட்டுத் திரும்பும் நேரத்தில் கையில் புத்தகம் இருக்காது. நாலு வரிப் பல்லவியைத் திரும்பத் திரும்ப அமைதியாகப் பாடும் புதிய பாடல் அங்கே அழகாக உட்காரும். காணிக்கைக்குக் கீர்த்தனையை வைத்துக்கொள்ளலாம். கீர்த்தனைக்குக் கிட்டாரில் கார்டு போட்டு நவீனமாக்குவதை மட்டும் செய்யாதீர்கள், ராகம் கெட்டுவிடும். ஆர்மோனியமோ கீபோர்டோ ராகத்தை ஒற்றை வரியாக வாசித்துக்கொண்டு போனால் போதும்.

மாதத்துக்கு ஒரு புதிய பாட்டு போதும். முதலில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், அவர்கள் வீட்டில் பாடுவதைக் கேட்டுப் பெற்றோருக்குப் பாதி வந்துவிடும். பிறகு அதே பாட்டை அந்த மாதத்து ஞாயிறுகளில் விடாமல் பாடுங்கள். வார்த்தைகளையும் பாருங்கள். புதிய பாடல்களில் துதியும் ஆசீர்வாதமும் நிறைய இருக்கின்றன, பாவ அறிக்கையும் துக்கமும் குறைவு. தேயிலை விலை விழுந்த வருஷத்திலும், மண்சரிவில் வீடு போன வாரத்திலும் சபை பாடுவதற்கு ஒரு பாட்டு வேண்டும். அதைத் தேடி வைத்துக்கொள்வது நடத்துபவரின் பொறுப்பு. புரொஜெக்டரில் வார்த்தை போடுபவர்கள் யூனிகோடில் தட்டுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த வரிகள் வேறு கணினியில் திறந்தால் வெறும் குறிகளாகத் தெரியும். கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்தில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தால் நன்றி சொல்வார்கள்.

ஆக, ஹாஸ்டல் பிள்ளைகளும் வெளியூர்க்காரர்களும் நிறைய வரும் நகரச் சபைக்குத் தனி ஆராதனை சரி, அங்கே பேண்டுக்கும் ஆட்கள் கிடைப்பார்கள். மற்றச் சபைகளுக்கு நான் கிட்டாரைத்தான் சொல்வேன். பண்டிகைக்கு மட்டும் பேண்டு வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்க ஒருவரும் இல்லாத சபை ட்ராக்கில் தொடங்கலாம், ஆனால் அன்றைக்கே ஒரு பிள்ளையைக் கிட்டார் கற்க அனுப்புங்கள்.

இதில் ஒரு கவலை எனக்கு உண்டு. கற்றுக்கொண்ட பிள்ளை பிளஸ் டூ முடித்ததும் கோயம்புத்தூருக்கோ திருப்பூருக்கோ போய்விடும். மலைச் சபைகளில் பாட்டு அடிக்கடி நின்றுபோவது இதனால்தான். அதனால் பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் கிட்டார் ஒன்றைச் சபையின் பெயரில் வாங்குங்கள், போகிறவர் தன் கிட்டாரை எடுத்துக்கொண்டு போனாலும் சபையில் ஒன்று இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுங்கள், அதில் ஒருவர் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிறவராக இருக்கட்டும். கல்யாணமாகி இங்கேயே குடியிருக்கும் அம்மா ஒருவர் கற்க முன்வந்தால் அவருக்கு முதல் இடம் கொடுங்கள். பாட்டுகளின் கார்டும் சபையின் ஸ்கேலும் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். அடுத்து வாசிக்க வருகிறவர் யூடியூபைப் பார்த்து மறுபடியும் பி ஃப்ளாட்டில் தொடங்காமல் இருக்க அது வேண்டும்.